வெளுத்த ரத்தம்

அன்று அந்த நர்சிங் ஹோம் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டிருந்த என் கணவர், தலைமாட்டில் நான், சன்னலோரம் நான் அத்தான் என்று கூப்பிடும் அவருடைய அண்ணன், வங்காளி டாக்டர், ரத்தம் எடுக்க வந்த லேப்காரர். எழுபதுகளின் கடைசி. வங்காளத்தில் லேக் கார்டன்ஸ் பகுதியில் இருந்த எங்கள் டிபன் கடை அன்று திறக்கவில்லை.

கணையம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "குடிப்பாரா, பௌதி?" என்று, அண்ணியைக் கூப்பிடும் வங்காளி முறையில், என்னிடம் கேட்டார்.

"இல்ல, டாக்டர் பாபு."

"வெளியில என்ன பண்றான்னு உனக்கென்ன தெரியும்?" என்றார் அத்தான். "குடிகாரன் கையில கடையை விட முடியாது. சாவியைக் குடு."

எட்டாவதோடு நின்றவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்குத் தெரியாமல், கல்யாணமான இந்தப் பதினோரு வருஷமும் ஒருவர் குடித்துவிட முடியுமா? தினமும் அவர் சட்டையை மோந்து பார்த்திருக்கிறேன். வடை எண்ணெய் வாடைதான்.

"சாவி எங்கிட்டயே இருக்கட்டும், அத்தான்."

லேப்காரர் ரத்தக் குழாயை மேசையில் நிறுத்திவிட்டு டீக்குப் போனார். நான் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் சிவப்பு அடியில் இறங்கியது. மேலே பால். சத்தியமாகப் பால் மாதிரிதான்.

திரும்பி வந்தவர், "கெட்டுப்போச்சு, கொட்டிட்டு வேற எடுக்கணும்" என்றார். குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர் பாக்காம ஒரு சொட்டுகூடக் கொட்டக் கூடாது."

டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கெடல. இது ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு. இந்த அளவுக்கு ஏறினா கணையத்துக்குள்ள உடைஞ்சு, அமிலமாகி, கணையத்தையே அரிச்சிரும். அதுக்குச் சாராயம் வேண்டியதில்ல."

விற்காத வடையும் நாளைக்குப் பத்து சர்க்கரை டீயும் அவர் வயிற்றுக்குத்தான் போகும் என்றேன்.

"அதுவும் காரணந்தான். ஆனா கூடப் பிறந்தவங்களுக்கும் இது இருக்கும்." சன்னல் பக்கம் திரும்பி, அத்தானை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "தாதா, கையை நீட்டுங்க."

அத்தான் ரத்தமும் வெளுத்துத்தான் நின்றது. அந்தச் சோதனைக்கும் நானே காசு கொடுத்தேன்.

ஒன்பது நாள் வாயில் ஒன்றும் படாமல் சலைன் ஏற்றியே கிடந்து, பிழைத்து வந்து கடை திறந்தார் என் கணவர். சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தன் ரத்தச் சோதனைக்கு நான் கொடுத்த காசைத் தந்தால் தம்பி குடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அத்தான் இன்றுவரை தரவில்லை. நானும் விடுவதாயில்லை. தீபாவளிக்கு வரும்போதெல்லாம் எல்லார் முன்னாலும் கேட்கிறேன். பாக்கி பதினெட்டு ரூபாய்.