ஆயுத பூஜைக்கு நான் துடைத்த கம்ப்யூட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, விஜயதசமி அன்று காலை, திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இன்றைக்கும் ஆயுத பூஜை நெருங்கினால் என் மனைவி இந்தக் கதையை யாரிடமாவது எடுத்துவிடுவாள். அவள் சொல்கிற விதத்தில் என் மானம் கொஞ்சம் போகும். அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். எங்களைப் போன்றவர்களுக்குத் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. வருடமெல்லாம் சோறு போட்ட மிஷின் அன்று ஒரு நாள் சாமியாக நிற்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டால், மறுநாள் புனர்பூஜை முடியும் வரை ஒருத்தரும் தொட மாட்டோம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வழக்கத்தை வீட்டில் விடாமல் செய்து வருகிறேன். கிரைண்டர், தையல் மிஷின், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார் எதுவும் தப்பாது.

அந்த வருடம் வீட்டுக் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டேன். அதற்குக் காரணம் என் மருமகள். கல்யாணத்துக்கு முன் நல்ல வேலையில் இருந்தவள். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டாள். மூன்று வருடம் கழித்து, வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி வெளியூர்க் கம்பெனி ஒன்றில் ஒரு வேலை வந்தது. அதற்கு ஒரு தேர்வு. போனில் எழுதக் கூடாது. கம்ப்யூட்டரில் கேமராவைப் பார்த்தபடிதான் எழுத வேண்டும். காலை பத்து மணிக்கு ஆரம்பம், பத்தே காலுக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். ஒரு தடவைதான், இன்னொரு வாய்ப்பு கிடையாது. ஐந்து நாள் கொடுத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றிருந்தார்கள். விஜயதசமியை எடுக்கச் சொன்னது நான்தான். அன்று தொட்டது துலங்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

முதல் நாள் மதியம் கம்ப்யூட்டரைப் பிரஷ் போட்டுத் தூசி தட்டி, ஒயர்களைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, திரையின் நெற்றியில் பொட்டு வைத்தேன். சாயங்காலம் மருமகள் வந்து, "மாமா, நாளைக்கு டெஸ்ட் இருக்கே, ஒரு தடவை போட்டுப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் விடவில்லை. பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாதம்மா, சரஸ்வதி பார்த்துக்கொள்வாள் என்றேன். அவளும் குழந்தையைத் தூங்கவைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு, கம்ப்யூட்டருக்கு மட்டும் முதலில் கற்பூரம் காட்டி அவளிடம் விட்டேன். மற்ற ஆயுதங்களும் புத்தகங்களும் மஞ்சள் துணி மூடியபடி சாமி முன்னாலேயே இருந்தன. தேர்வு முடிந்ததும் சுண்டல், பொங்கல் வைத்து நிதானமாகப் புனர்பூஜை செய்வதாக ஏற்பாடு.

கம்ப்யூட்டர் ஓடியது. நெட் வரவில்லை.

"மாமா, வைஃபைங்கற அடையாளமே காட்டல" என்றாள் மருமகள். நெட் பெட்டியை அணைத்துப் போட்டோம். கம்ப்யூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டோம். இதையெல்லாம் வாங்கி மாட்டியவன் என் மகன். அவன் வேலை செய்கிற இடத்தில் பண்டிகைக்கும் லீவு இல்லை, போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மேல் வீட்டு ஐ.டி. தம்பதி லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. போனை ஒயரில் மாட்டியே நெட் எடுத்திருக்கலாமே என்று பிறகு பல பேர் சொன்னார்கள். அன்று எங்களில் யாருக்கும் அது தெரியாது.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாங்க, நெத்தியில அவ்ளோ பெரிய பொட்டு வச்சா அதுக்குக் கண்ணு தெரிய வேணாமா?" என்றாள். சிரிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

நான் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. ஆனால் கோளாறு தெரியும். எது வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று தேடுவதுதானே முப்பது வருடமும் நான் பார்த்த வேலை? என் போனை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். போனில் வைஃபை நன்றாக வந்தது. அப்படியென்றால் லைன் சரி, பெட்டியும் சரி. கம்ப்யூட்டர் பக்கம்தான் ஏதோ அறுந்திருக்கிறது.

மருமகள் மெதுவாகக் கேட்டாள், "நேத்து துடைக்கும்போது பின்னாடி எதையாச்சும் கழட்டினீங்களா மாமா?"

"கழட்டின ஒயரெல்லாம் மாட்டிட்டேம்மா" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். மிஷினைக் கழற்றி மாட்டுவதில் என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை.

மணி ஒன்பதரை. நெட் லைன் கொடுத்தவருக்குப் போன் போட்டேன். அவரும் பூஜை வேலையில் இருந்தார் போலிருக்கிறது, பின்னால் மணிச் சத்தம் கேட்டது.

"போன்ல வருதுல்ல அண்ணாத்தே? அப்ப லைனு நல்லாத்தான் கீது. கம்பூட்டரு புச்சா, பழ்சா?"

பழையதுதான் என்றேன்.

"பழ்சுன்னா உள்ளாற வைஃபை இருக்காது. பின்னாடி சின்னதா ஒண்ணு சொருவி வச்சிருப்பாங்க. கட்டைவெரல் நகம் சைசு. மூடி மாரி இருக்கும். அது கீதா பாரு."

மூடி மாதிரி!

முதல் நாள் நான் அதைப் பிடுங்கினேன். தூசி போகாமல் ஓட்டையை அடைத்து வைத்த மூடி என்று நினைத்தேன். பூஜை முடிந்து போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தவன், அடியோடு மறந்துவிட்டேன். நாள் பார்த்துக் கொடுத்தது நான், முதல் நாள் போட்டுப் பார்க்க விடாதது நான், அதைப் பிடுங்கியதும் நானே.

உண்மையைச் சொல்கிறேன். சத்தமில்லாமல் எடுத்துச் சொருகிவிட்டு, "நம்ம ஊரு மாசிலாமணீஸ்வரன் காப்பாத்திட்டான்" என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஆனால் தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: மிஷின் நின்றால், கை வைத்தவன் முதலில் வாயைத் திறக்க வேண்டும். சொல்லாதவனால் அடுத்தவன் விரல் போகும். இந்தச் சட்டத்தைச் சொல்லி எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். என் பாவத்தை ஈஸ்வரன் தலையில் புண்ணியமாகக் கட்டுவது எந்த பக்தியில் சேர்த்தி?

"அம்மா, நான்தான் அதைக் கழட்டினேன். சாமி முன்னாடி வச்சிருக்கேன்" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "எங்க வச்சீங்கன்னு ஞாபகம் இருக்குல்ல மாமா?"

இருந்தது. கழற்றிய எதையும் ஒரு கிண்ணத்தில் போட்டு வைப்பது ஃபிட்டரின் கைப்பழக்கம். ஸ்பேனருக்கும் அளவெடுக்கும் வெர்னியருக்கும் நடுவில், மஞ்சள் துணிக்கு அடியில், பித்தளைக் கிண்ணத்தில் அது இருந்தது. ஆனால் புனர்பூஜை ஆகாமல் எப்படி எடுப்பது? கை போகாமல் நின்றேன். என் மனைவி கற்பூரத்தை ஏற்றியபடியே ஓடி வந்தாள். "படிப்புக்குத் தானே கேக்கறோம், சரஸ்வதி இன்னா வேணாம்னா சொல்லப் போறா? எடுங்க, நான் கன்னத்துல போட்டுக்கறேன்!"

எடுத்தேன். கொண்டுபோய்ச் சொருகினேன். மணி ஒன்பது ஐம்பது.

ஒன்றும் நடக்கவில்லை.

மருமகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கிண்ணத்தின் மேல் நான் தெளித்த சந்தனமும் குங்குமமும் அதன் வாய்க்குள் போய்க் காய்ந்து ஒட்டியிருந்தன. அந்த நிமிடம்தான் எனக்கு உயிர் வந்தது. இது எனக்குத் தெரிந்த நோய். காண்டாக்ட்டில், அதாவது கரண்ட் தொடுகிற இடத்தில், அழுக்கு. எத்தனை ஸ்விட்சில் பார்த்திருக்கிறேன்!

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி ஒடித்து, விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை முனையில் மெல்லியதாகச் சுற்றி, கொரோனா காலத்து சானிடைசரில் ஒரு துளி தொட்டு, உள்ளே அழுத்தாமல் இழுத்தேன். பஞ்சு சிவப்பாக வந்தது. வேறு பஞ்சு. மஞ்சளாக வந்தது. இன்னொன்று. மருமகள் போனில் வெளிச்சம் பிடித்தாள். என் கை ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அதை மட்டும் நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். கம்ப்யூட்டர் பக்கமும் அதேபோலத் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாக வந்த பிறகு, ஈரம் காயட்டும் என்று விசிறியால் வீசச் சொன்னேன். மணி பத்து தாண்டிவிட்டது. "மாமா, போதும் மாமா" என்றாள். ஈரத்தோடு போட்டால் எரிந்துவிடும், இன்னும் இரண்டு நிமிடம் என்று பிடிவாதமாக இருந்தேன்.

பிறகு சொருகினேன். டிங் என்று ஒரு சத்தம். எங்கள் வைஃபையைத் தானாகவே பிடித்துக்கொண்டது. பத்து மணி ஒன்பது நிமிடத்துக்கு அவள் உள்ளே போனாள்.

பேரனைத் தூக்கிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தேன். இரண்டு மணி நேரம் அவனைச் சத்தம் போட விடாமல் தெருவில் நடந்தேன். கால் வலித்தது தெரியவில்லை.

வெளியே வந்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "கிண்ணத்துலதானே போட்டு வச்சீங்க மாமா, குப்பையில போடலயே" என்று சிரித்துவிட்டாள். என் மனைவி மட்டும், "கெடுத்தவரும் இவரே, டாக்டரும் இவரே" என்றாள். அன்றைய புனர்பூஜையில் சுண்டல் எனக்குத்தான் முதலில் கிடைத்தது.

அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எங்க மாமாதான் கடைசி நிமிஷத்துல சரி பண்ணார்" என்பாள். கழற்றியவன் யார் என்பதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானே குறுக்கிட்டுச் சொல்லிவிடுவேன்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்குத் தட்டு அடுக்கும்போது, என் வெர்னியருக்குப் பக்கத்தில் தன் கம்பெனி அடையாள அட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். பொட்டை மட்டும் என்னையே வைக்கச் சொன்னாள். சரஸ்வதிக்கு முன்னால் அந்த இரண்டும் பக்கம் பக்கமாக இருந்ததைப் பார்த்தபோது, தெரியாமல் செய்த தப்பை வாய் திறந்து சொன்னதால்தான் தெரிந்த தொழில் அன்று என் கைக்கு உதவியது என்று நினைத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.