முதல் கைத் தண்ணீர்

குவித்த கையில் தண்ணீரைப் பிடித்து, வாய்க்குள் ஊற்றி, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி, விழுங்கிய பிறகுதான் காளிராஜ் வாயைத் திறப்பார். "சப்புன்னு கெடக்கு, மாட்டுக்கு ஆகும்" என்பார். அல்லது, "இனிப்புத் தண்ணி, தைரியமாக் குடிங்க." எங்கே போர் போட்டாலும் முதல் கைத் தண்ணீர் அவருக்குத்தான். மம்சாபுரம் முதல் வன்னியம்பட்டி வரை இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

வயது ஐம்பத்தாறு. வேலை நடக்கும்போது செருப்புப் போடமாட்டார். பூமிக்குள் பாறை தட்டினால் உள்ளங்காலில் தெரியுமாம். நானும் செருப்பைக் கழற்றி நின்று பார்த்தேன். ஜல்லி குத்தியதுதான் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் காலையில் நடக்கும் பூங்காவுக்குப் போன வாரம் அவருடைய போர் வண்டி வந்தது. தண்ணீர் எடுக்க அல்ல. நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அதில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று மாதாமாதம் பார்ப்பதற்கு ஒரு கண்காணிப்புக் கிணறு. மோட்டார் இல்லை, குழாய் இல்லை, மூடியில் பூட்டு மட்டும் உண்டு.

"எடுக்காத தண்ணிக்கு எதுக்குய்யா குழி?" என்று கேட்டார் என்னோடு நடக்க வரும் ரிட்டயர்டு ஏட்டு கண்ணுச்சாமி.

"ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்காகல்ல, குடிக்கவா எடுக்காக?" என்றார் காளிராஜ். ஏட்டு அதோடு நடையைக் கட்டினார்.

டீ குடிக்கும்போது காளிராஜ் என்னிடம் வேறொன்றும் சொன்னார். பூங்காவுக்குப் பின்தெருவில்தான் அவருடைய மகள் மாரீஸ்வரி வீடு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு அவரே போர் போட்டு, அவரே குடித்துப் பார்த்து, இனிப்பு என்று சொல்லிவிட்டார். இந்த வருஷம் பேத்திக்கு மாதம் தவறாமல் வயிற்றுப்போக்கு.

"தண்ணிய டெஸ்டுக்குக் குடுப்பமாப்பான்னு கேட்டா. ஏட்டி, அப்பன் நாக்கு பொய் சொல்லுமான்னு ஏசிட்டேன். பொறவு ஒரு வாரமாப் பேச்சு இல்ல." டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "இந்த ரிசல்ட்டு வரட்டும். நான் சொன்னதத்தான் அதுவும் சொல்லும்."

அறுபதடியில் தண்ணீர் வந்தது. பைப்பை இறக்கி, சுற்றிலும் சிறு ஜல்லி போட்டு, மேல்தண்ணீர் இறங்காதபடி களிமண் உருண்டைகளால் அடைத்துக்கொண்டிருந்தார். அப்போது எதிர்வீட்டு அரவிந்தவல்லி அம்மாள் செம்பில் பாலும் கையில் பூவுமாக வந்துவிட்டார். புது போர் என்றால் பால் ஊற்றுவது இங்கே வழக்கம். காளிராஜே இருபத்தெட்டு வருஷமாக மஞ்சளும் காசும் போட்டவர்தான். ஆனால் அன்று ஓடிவந்து பைப்பின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ஊத்திராதீகம்மா! அப்புறம் டெஸ்டுக்கு எடுக்கிற பாட்டில்ல பாலுதான் இருக்கும். தண்ணி இருக்காது."

"நீயா சொல்றே, காளிராஜ்?" என்று அந்தம்மாள் கோபமாகப் பாலைப் புங்கைமரத்தடியில் ஊற்றிவிட்டுப் போனார். காளிராஜின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வெகுநேரம் அவர் பைப்பிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

நேற்று கம்ப்ரசர் வைத்து, கலங்கல் போகிறவரை தண்ணீரை வெளியேற்றினார்கள். அதன் பிறகு தண்ணீரைச் சோதிக்க வந்த அதிகாரி அனுக்ரஹா நீளக் குழல் ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்து, பாட்டில்களில் நிரப்பிச் சீல் வைத்தார். குழலில் மிஞ்சியதைக் கீழே கொட்டும்போது காளிராஜின் கை தானாகக் குவிந்து போய்ப் பிடித்தது. நல்ல தெளிவான தண்ணீர், நாற்றம் எதுவும் இல்லை. உதட்டருகே கொண்டுபோனார். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றோம்.

"என்னய்யா, இனிப்புத்தானா?" என்றார் ஏட்டு.

காளிராஜ் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரல்களை விரித்தார். தண்ணீர் முழுவதும் ஒழுகிப் போயிற்று. துண்டில் கையைத் துடைத்து, அதே கையை அனுக்ரஹாவிடம் நீட்டினார்.

"இன்னொரு பாட்டில் இருக்குமா தாயி? பின்தெரு வரைக்கும் போயிட்டு வாரேன்."