ராஜாமணிக்குக் கேட்காத குரல்

ராஜாமணிக்குச் சண்டைப் படம் பிடிக்காது. கதையில் ஒரு பாடகனோ, நாதஸ்வரக்காரனோ, வீணை வாசிக்கிறவளோ இருந்தால் போதும். திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். துணைக்குச் சின்னதுரை. இருவருக்கும் நிலக்கடலை உடைக்கும் ஒரே மல்லாட்டை மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு. திரும்பி வரும்போது சின்னதுரை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து படத்துப் பாட்டையெல்லாம் பாடிக்கொண்டு வருவான். ராஜாமணி குறை சொல்லிக்கொண்டு வருவார்.

"தம்பூராவைக் கடப்பாறை மாதிரி புடிச்சிக்கினு நிக்கிறான். இவன் வித்வானாம்!"

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு மதியக் காட்சியில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது ராஜாமணி எழுந்து, "சவுண்டு வைய்யா!" என்று கத்தினார். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சின்னதுரை அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான். சத்தம் சரியாகத்தான் இருந்தது.

மல்லாட்டை உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே பதினாலு வருஷம் நின்றவர். புதுச்சேரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு காதிலும் நரம்பு போய்விட்டது, இனி குறைந்துகொண்டுதான் போகும் என்றார்.

"மில்லுல சொல்லிடாதடா. வேலையை விட்டு தூக்கிடுவாங்க" என்றார் ராஜாமணி.

"நான் இருக்கேன்ணா, வுடு" என்றான் சின்னதுரை.

சொன்னபடியே இருந்தான். முதலாளி கூப்பிட்டால் வந்து தோளைத் தட்டுவான். கொட்டகையில் பாட்டு ஆரம்பித்ததும் அவர் தொடையில் தாளம் போட்டுக் காட்டுவான். காது மங்க மங்க ராஜாமணியின் கண் கூர்மையானது. நாதஸ்வரக்காரனாக நடிப்பவனின் விரல் எந்தத் துளையையும் மூடாமல் சும்மா ஆடுவதும், பாடுகிறவளின் தொண்டையில் ஒரு நரம்புகூட அசையாததும் அவருக்குத்தான் தெரிந்தது. எல்லாம் பொய் என்று தெரிந்தும் அடுத்த வாரம் போவார்.

எண்பத்தைந்து மாசி மாதம். மெஷினுக்கு அடியில் சேர்ந்த தொலியைச் சின்னதுரை தள்ளிக்கொண்டிருந்தான். தோளில் கிடந்த துண்டைப் பெல்ட் பிடித்து இழுத்தது. துண்டோடு கையும் போனது. பத்தடி தள்ளிச் சுவிட்சுக்குப் பக்கத்தில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ராஜாமணி சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். வாசலில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வருவதைப் பார்த்துத்தான் திரும்பினார். சின்னதுரையின் வாய் முழுக்கத் திறந்திருந்தது. ராஜாமணி சுவிட்சை அணைத்தார்.

புண் சீழ் பிடித்து, பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

சுவிட்சை அணைக்க ஏன் அத்தனை நேரம் என்று எவரும் கேட்கவில்லை. பதறிப்போய் நின்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். ராஜாமணியும் வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஐந்து மாதம் கழித்து அவர் மனைவி கெங்கம்மாள், மனசு மாறட்டும் என்று அவரைத் திண்டிவனம் கொட்டகைக்கே இழுத்துக்கொண்டு போனாள். பாட்டுப் படம்தான். அதற்கு முன்னால் வழக்கம்போல் அரசாங்கத்து நியூஸ் ரீல் ஓட்டினார்கள். யாரோ ஒரு வயதான பாடகரைப் பற்றியது, கறுப்பு வெள்ளை. பாதிப் பேர் பீடி பிடிக்க வெளியே போய்விட்டார்கள். ராஜாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த மனுஷர் நடிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, தாடை நடுங்கியது. கேமரா நெருங்கி நெருங்கிப் போக, திறந்த வாய் மட்டும் திரை முழுக்க நின்றது.

ராஜாமணி பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பிறகு படம். காணாமல்போன பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாடுகிறான். இந்தப் பக்கம் வயலில் குனிந்திருந்த தாய் நிமிர்கிறாள், ஓடுகிறாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராஜாமணி எழுந்து வெளியே போனார். கெங்கம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

தன் குரலின் அளவு தெரியாமல் ரோட்டில் நின்று கத்தினார்: "படத்துல ஆத்துக்கு அந்தாண்ட பாடினாலும் கேக்குது! பத்தடியில நான் நின்னுக்கினு இருந்தேன்டி. அவன் கத்தினான், எனக்குக் கேக்கல!"

கெங்கம்மாளுக்கு அன்றுதான் முழுசாக விளங்கியது.

மறுநாளே இருவரும் பிரம்மதேசத்துக்குப் போனார்கள். சின்னதுரையின் மனைவி வடிவு வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். ராஜாமணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வடிவு முறத்தைக் கீழே வைத்தாள். அவள் உதடு அசைந்தது, அவருக்குப் பிடிபடவில்லை. கெங்கம்மாள் அவர் காதில் வாய் வைத்துக் கத்தினாள். தெருவுக்கே கேட்டது.

"தெரியுங்கிறா! ஆஸ்பத்திரியிலயே அவரு சொன்னாராம்! 'அண்ணனுக்குக் காது கேக்காது, யாருகிட்டயும் சொல்லாத, வேலை போயிடும்'னு சொன்னாராம்!"

ராஜாமணி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவள் திட்டியிருந்தால், முறத்தாலேயே அடித்திருந்தால் தாங்கியிருப்பார். வடிவு அழவில்லை. ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்ப வெளியே வரவே இல்லை.

அங்கிருந்து நேராக மில்லுக்குப் போய் முதலாளியிடமும் சொன்னார். விபத்துக்குச் சின்னதுரையின் கவனக்குறைவுதான் காரணம் என்று மில் பதிவேட்டில் எழுதிவைத்திருந்ததை மாற்றச் சொன்னார். முதலாளி ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'செவிடனை வேலைக்கு வைத்திருந்தேன் என்று தெரிந்தால் எனக்குத்தான் பேஜார். நாளை முதல் வராதே.' படித்து முடித்ததும் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டார். பதிவேட்டில் எழுதியிருந்தது மாறவே இல்லை.

ராஜாமணி வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனார். கெங்கம்மாள் எவ்வளவோ கூப்பிட்டும் எந்தக் கொட்டகைக்கும் போகவில்லை. புது இடத்தில் முதல் நாள் சாந்துச் சட்டியைத் தூக்கும் முன்பே, சாரத்தின் மேலும் கீழும் இருந்த அத்தனை பேரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னார்:

"எனக்குக் காது கேக்காது. எதுனா ஆச்சின்னா கூப்புடாதீங்க. கல்லை எடுத்து என் மேல எறிங்க."

மேஸ்திரி சிரித்தார். ராஜாமணி அவர் தலையாட்டும் வரை அங்கேயே நின்றார்.