ஜிகினாவின் திங்கட்கிழமைகள்

2004-ஆம் ஆண்டு ஜூன் பதினான்கு, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கத்திரி முடிந்து பதினேழு நாட்கள் ஆகியும் மேற்குத் தாம்பரத்தில் காற்று அசையவில்லை. வானம் மட்டும் மழை வரும் என்று பொய் சொல்லிக்கொண்டு கறுத்திருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஜிகினா வாலை ஒரு பக்கமாகத் தூக்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

ஜிகினா எங்கள் வெள்ளைக் குதிரை. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குக் கல்யாணப் பந்தல் தொழில். மாப்பிள்ளை ஊர்வலம் கேட்பவர்களுக்கு ஜிகினாவும் போகும். எனக்கு வயது பதினொன்று. ரயில் பெட்டி, பந்தல் கால், தட்டில் விழும் இடியாப்பம், எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. இன்று முப்பது சொச்சம் வயதிலேயே என் மகள் என்னைக் கிழவன் என்று கூப்பிடுவதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம்.

வாலையும் அப்படித்தான் எண்ணினேன். வால் தூக்கும் நாட்களில் அவள் சொட்டுச் சொட்டாக அடிக்கடி சிறுநீர் விடுவாள்; தெருவில் வண்டிக் குதிரை போனால் கனைப்பாள். நான்கு நாள்தான். வியாழன் சாயங்காலம் எல்லாம் அடங்கிவிடும். பிறகு பதினேழு நாள் சாது. சமையல்கட்டில் தொங்கிய மாதக் காலண்டரில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவந்தேன். ஏப்ரல் 12, மே 3, மே 24, இப்போது ஜூன் 14. எல்லாம் திங்கட்கிழமை. இருபத்தொரு நாள் என்பது சரியாக மூன்று வாரம் அல்லவா?

அதே காலண்டரில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளும் இருந்தன. மார்ச் 19, ஏப்ரல் 16, மே 14, ஜூன் 11. இருபத்தெட்டு நாளுக்கு ஒன்று, எல்லாம் வெள்ளிக்கிழமை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்த நாட்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜிகினா குட்டி போடவில்லை என்பதுதான் அப்போது வீட்டின் பெரிய கவலை. ஆண் குதிரை பெருங்களத்தூர் ஏரிக்குப் பின்னால் ஒருவரிடம் இருந்தது. ஜிகினாவை அங்கே ஓட்டிப்போவது அத்தாவின் தம்பியான சாச்சாவின் பொறுப்பு. அவர் நெல்லூருக்கு லாரி ஓட்டினார். வெள்ளி காலை வீட்டுக்கு வந்தால் ஞாயிறு இரவு கிளம்பிவிடுவார். தவிர, எந்த நல்ல காரியத்தையும் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு தொடங்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அப்படி நான்கு வெள்ளிக்கிழமைகள் போனார்கள். நான்கு முறையும் அவள் ஆண் குதிரையை உதைத்தாள்.

குதிரைத் தரகர் வந்து அவள் நெற்றிச் சுழியைத் தடவிப் பார்த்தார். "சுழி தப்பா கீது பாய். இது மலடு. சூளைல கல்லு இழுக்கத்தான் லாயக்கு." டீ கொண்டுவந்த சாச்சி தம்ளரை வேண்டியதைவிடப் பலமாகக் கீழே வைத்தார். சாச்சாவைக் கட்டி அவருக்கு ஆறு வருடம், குழந்தை இல்லை. சாச்சாவுக்கு இன்னொரு பெண் பார்க்கலாம் என்று உறவில் பேச்சும் தொடங்கியிருந்தது. தரகர் ஜூலை நான்கு, ஞாயிற்றுக்கிழமை வந்து ஜிகினாவை ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அந்தத் திங்கட்கிழமை நான் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி அத்தாவின் முன்னால் போட்டேன்.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க அத்தா. வெள்ளிக்கிழம போனா உதைக்கத்தான் செய்யும். அதுக்கு வியாழக்கிழமையோட முடிஞ்சிருது."

"எதுடா முடிஞ்சிருது? ஏழாங்கிளாஸ் போறவன் பேசுற பேச்சா இது?"

"நாலு தடவ தப்பா போனது நீங்க. சுழி மேல பழி போடுறீங்க."

முதுகில் ஒன்று விழுந்தது. காலண்டர் ஆணிக்குத் திரும்பியது. ஆனால் சாச்சி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். என் பச்சைக் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு, தான் வைத்துவந்த சிவப்புப் புள்ளிகளை.

"மூணு வாரமாடா? எப்பவும் அதே கெழமையா?"

"ஆமா சாச்சி. நாலு வாரம்னாலும் அதே கெழமதான் வரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புதன்கிழமை அத்தா பொத்தேரியில் பந்தல் போடப் போனதும், சாச்சி பர்தாவை மாட்டிக்கொண்டு வந்தார். "சட்டையப் போடு. ஸ்கூல் வேணாம். உண்டியல்ல எவ்ளோ வெச்சிருக்க?"

ஸ்டாப்வாட்ச் வைத்த கைக்கடிகாரம் வாங்க ஒன்பது மாதம் சேர்த்த பணம். உடைத்து எண்ணினேன்: நூற்று நாற்பத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு. சாச்சியின் அரிசி டப்பாவில் இருநூற்று அறுபது.

கறுப்புப் பர்தாவில் ஒரு பெண் வெள்ளைக் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் நடப்பதை இரும்புலியூர் அதுவரை பார்த்திருக்காது. ஒரு ஷேர் ஆட்டோ வேகத்தைக் குறைத்தது.

"இன்னாக்கா, குதிர கீது, மாப்ள எங்க?"

"மாப்ளகிட்டதான் போய்க்கினு இருக்கோம். நீ மொய் எடுத்துக்கினு பின்னால வா."

ஆட்டோவில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். சாச்சி சிரிக்கவில்லை. எனக்கு மானம் போனது. ஜிகினாவின் மறுபக்கமாக மறைந்து நடந்தேன்.

ஆண் குதிரைக்காரர் எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுகொண்டார். "ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?"

"ஆம்பளைங்க நாலு தடவ வந்தாங்களே, இன்னா ஆச்சு? கதவத் தொறங்க."

அன்றைக்கு ஜிகினா உதைக்கவில்லை. வாலை ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். சாச்சி திரும்பி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரைக்காரர் கேட்ட நானூறைக் கொடுத்தோம். மிச்சம் மூன்று ரூபாய் ஐம்பது காசுக்கு வேர்க்கடலை வாங்கி மூன்று பேரும் தின்றோம், ஜிகினாவுக்குத்தான் அதிகம்.

வீட்டில் நடந்த கூச்சலை எழுத வேண்டாம். முக்கியமானது, ஜூலை நான்காம் தேதி. தரகர் மினி லாரியோடு வந்துவிட்டார். கணக்குப்படி ஜிகினா வால் தூக்க வேண்டியது மறுநாள், ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. தூக்காவிட்டால் வயிற்றில் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு நாள் குறைந்தது.

நான் கொல்லைக் கதவின் முன்னால் கையை விரித்து நின்றேன். அத்தா என் காதைப் பிடித்து இழுத்தார். நான் நின்ற இடத்தில் சாச்சி வந்து நின்றார், கையில் கயிறோடு.

"நாளைக்கு வாங்க."

"ஒரு நாள்ல இன்னாம்மா ஆவப் போவுது?" என்றார் தரகர்.

"ஒரு நாள்தானே. சுழி எங்கியும் ஓடிறாது."

சாச்சா அப்போது கொல்லையில்தான் இருந்தார். அண்ணனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அதுவரை அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர், "நாளைக்கு வரட்டும்ணா" என்றார். லாரி காலியாகத் திரும்பியது.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணியிலிருந்து நான் லாயத்தில் உட்கார்ந்திருந்தேன். வால் அசைந்தது, ஈ ஓட்ட மட்டும். செவ்வாய், புதன், வியாழன்: வால் தூக்கவில்லை. தெருவில் குதிரை போனால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அத்தா காலண்டரைத் தானே எடுத்து, உதடு அசைய எண்ணிப் பார்த்தார். தரகரிடம் வாங்கிய முன்பணம் அன்று மாலை திரும்பிப் போனது.

ஆகஸ்டில் சாச்சா நெல்லூர் லாரியை விட்டுவிட்டுப் பெருங்களத்தூரில் தண்ணீர் லாரி ஓட்டத் தொடங்கினார். சம்பளம் குறைவு, ஆனால் தினமும் இரவு வீட்டில் இருப்பார். சாச்சி பிடிவாதமாக நின்று மாற்ற வைத்தார் என்று அம்மா சொன்னார். இவ்வளவு குறைந்த சம்பளத்துக்கு ஏன் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்த வழியிலும் லாபம் வரவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காலண்டரில் அக்டோபர் 29-க்குப் பிறகு சிவப்புப் புள்ளி இல்லை. நவம்பர் 26 வெறுமையாக இருந்தது. வீட்டில் கேஸ் தீர்ந்துபோகுமே என்று எனக்குக் கவலை.

"சாச்சி, இந்த மாசம் புள்ளி வெக்க மறந்துட்டீங்களே? ஒம்பது நாள் தள்ளிப்போயிருச்சு!"

அம்மாவின் கரண்டி குழம்புச் சட்டியில் விழுந்தது. அத்தா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. சாச்சாவின் காது சிவந்தது. சாச்சி எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். உடனே என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி நின்றார்.

பச்சைக் கோடு வராததை வைத்து ஒரு குதிரையைக் காப்பாற்றியவன் நான். எதற்காக அடி விழுந்தது என்று மட்டும் விளங்கவில்லை.

2005 மே 22, ஞாயிற்றுக்கிழமை, ஜிகினா பெண் குட்டி போட்டாள். சரியாக முந்நூற்று நாற்பதாவது நாள். அடுத்த ஒரு மணி நாற்பது நிமிடத்தில் நஞ்சுக்கொடி முழுதாக விழுந்தது. நான்தான் நேரம் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தில். கைக்கடிகாரம்தான் வாங்க முடியவில்லையே. சாச்சி ஏழு மாத வயிற்றோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து குட்டியின் நெற்றியைப் பார்த்தார். தாய்க்கு இருந்த அதே இடத்தில் அதே சுழி.

"நல்லா இருக்கட்டும்" என்றார்.

எனக்கு ஆன மொத்தச் செலவு: முதுகில் ஒன்று, காதில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, பள்ளிக்கு ஒரு நாள், ரொக்கமாக நூற்று நாற்பத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு.