நிறையாத தாம்பாளம்

ஐஸ் ஜலத்தைக் குடித்தவள் என்று எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அது போகவில்லை. ஒரு சொட்டுக்கூட நான் குடிக்கவில்லை. இன்றைக்கும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பவானிப்பூரில் இருந்தோம். அம்மாவுக்குக் கடும் ஜுரம். நெற்றியில் ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார் வங்காளி டாக்டர். அப்பா ஹவுராவரை போய், மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றி ஒரு கட்டி வாங்கிவந்தார். ஆனால் வீட்டில் சட்டம் பெரியப்பாவுடையது. ஐஸை அப்படியே வைத்தால் ஜன்னி காணுமாம், கரைந்த பிறகு அந்த ஜலத்தில்தான் துணி நனைக்க வேண்டுமாம். பித்தளை அடுக்கில் கட்டியைப் போட்டு, விளிம்புவரை கங்கை ஜலம் ஊற்றினார். கட்டி விளிம்புக்கு மேலே இரண்டு விரல் உயரம் துருத்திக்கொண்டு மிதந்தது. கரைந்தால் வழியுமே என்று அடியில் ஒரு தாம்பாளம். காவலுக்கு நான்.

கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டி முழுக்கக் கரைந்தது. ஜலம் ஒரு நூல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மத்தியானத் தூக்கம் கலைந்து பெரியப்பா வந்தார். தாம்பாளத்தில் நாலு சொட்டுதான் இருந்தது.

"மேலே நின்ன ஐஸெல்லாம் எங்கேடி போச்சு?"

தெரியாது என்றேன். அந்த நாலு சொட்டும் நான் வாய் வைத்துக் குடித்தபோது சிந்தியது என்று தீர்ப்பாயிற்று. எச்சில் என்று அவ்வளவு ஜலத்தையும் முற்றத்தில் கொட்டினார். என்ன அநியாயம்! அம்மா அன்று முழுவதும் கொதித்துக்கொண்டே கிடந்தாள். அவள் ஆயுசு கெட்டி, பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவளும் கடைசிவரை, "குடிச்சேன்னுதான் ஒத்துக்கோயேண்டி" என்பாள்.

மிதக்கிற ஐஸ் கரைந்தால் மட்டம் ஏறாது, குளிர்ந்த பாத்திரத்தின் வெளியே காற்றிலுள்ள ஈரம்தான் சொட்டாகப் படியும் என்பதெல்லாம் என் மகன் பாடம் படித்தபோதுதான் காதில் விழுந்தது. காலேஜில் சயன்ஸ் படித்த சித்தப்பா அன்று தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர். மகன் பாடத்தைக் கேட்ட மறுநாளே போய் அவரைக் கேட்டேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். அண்ணா முன்னாடி எப்படி வாயைத் திறக்கறது?" என்றார், வெற்றிலை மடித்தபடி. பின்னே படித்த படிப்பெல்லாம் எதற்கு, பரணில் போடவா?

ஜலத்தைக் கொட்டிய அன்று சாயங்காலம் மாடிப்படியில் அழுதுகொண்டிருந்த என்னிடம் வந்து, இலைப் பொட்டலத்தில் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனவரும் அவர்தான். இந்த வீட்டில் இவர் ஒருவர்தான் நல்லவர் என்று நினைத்துக்கொண்டு, நான் அதை ஆசையாகத் தின்றேன்.