பாத்தியமும் சுவாதீனமும்

போன வாரம் வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். கடைக்காரர் சாவியைப் போட்டுத் திருகிக் காட்டி என் கையில் கொடுத்தார். விரலில் ஒட்டிய எண்ணெய் வாசனை, நான் சப்-இன்ஸ்பெக்டர் பயிற்சியில் இருந்த ஒரு மத்தியானத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பயிற்சிக் கல்லூரியில் சிவில் சட்டத்துக்கு ஒதுக்கியது மொத்தமே மூன்று மணி நேரம். காலையில் வெயிலில் பரேடு, மதியம் வயிறு நிறையச் சாம்பார் சாதம். அதற்குப் பிறகு அடமானம், தடை உத்தரவு, ஆமீன் என்று யார் பேசினாலும் தாலாட்டுத்தான். பேசியவர் நிர்மலா என்ற இளம் வக்கீல். என்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். கஞ்சி போட்ட காக்கிக்குள் நான் தூங்குவதைப் பார்த்து ஒருநாள் எழுப்பினார்.

"சிவில்னா என்னன்னு சொல்லுங்க."

"நமக்குச் சம்பந்தம் இல்லாதது மேடம்."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் பலகையில் பாத்தியம், சுவாதீனம் என்று இரண்டு வார்த்தை எழுதினார். சொத்து யாருடையது என்பது ஒன்று, இப்போது யார் கையில் இருக்கிறது என்பது வேறு. "முதல் கேள்விக்குப் பதில் சொல்றது கோர்ட்டு வேலை. ரெண்டாவதை யாரும் பலவந்தமா மாத்தாம பாத்துக்கறது உங்க வேலை" என்றார். எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

நேரடிப் பயிற்சிக்கு ஒரகடம் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் போட்டார்கள். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும். கடலை போட்ட நிலத்தில் எல்லாம் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தால் தெற்கேயிருந்து வந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்காக மறைமலை நகர் போயிருந்தார். முதல் ஷிப்ட் முடிந்த நேரம். கம்பெனி மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் மூன்று பெண்கள் உள்ளே வந்தார்கள். பேச்சியம்மாள் என்பவள்தான் பேசினாள்.

"வீட்டுக்காரரு புதுப் பூட்டுப் போட்டுட்டாவ மேடம். தொறக்க மாட்டேங்காவ. எங்க சர்டிபிகேட்டெல்லாம் உள்ள கெடக்கு."

மறுநாள் காலை கம்பெனியில் அசல் சான்றிதழ்களைக் காட்டினால்தான் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்றேன். அந்த வார்த்தையை முதல்முறை சொல்வதில் ஒரு பெருமை வேறு.

பேச்சியம்மாள் வாசல் வரை போய்த் திரும்பினாள். "கோர்ட்டு எங்க இருக்கு மேடம்? இப்பமே போனா தொறந்து குடுப்பாவளா?"

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். நான் மேஜைமேல் இருந்த பதிவேட்டைப் புரட்டினேன். அவர்கள் போன பிறகுதான் நிர்மலா எழுதிய அந்தப் பலகை ஞாபகம் வந்தது. தொப்பிகூட இல்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். குன்றத்தூரில் இருக்கும் சிநேகிதி அறைக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தவர்களை இறக்கினேன்.

"இன்னாத்துக்கு மேடம் வம்பு? அய்யா வந்து திட்டுவாரு" என்றார் ஸ்டேஷனிலிருந்து பின்னாலேயே வந்த ஏட்டு ஏகாம்பரம். சொல்லிக்கொண்டே தன் வண்டியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

வீடு சேரப்பணஞ்சேரியில். கதவில் பளபளவென்று அந்தப் பூட்டு, எண்ணெய்கூடக் காயவில்லை. வீட்டுக்காரர் கோதண்டம் தூண் மாதிரி வழியில் நின்றார்.

"என் வூடு, என் பூட்டு. போலீஸுக்கு இன்னா இதுல?"

வகுப்பில் எழுதிக்கொண்டதை ஒப்பித்தேன். "வீடு உங்களுதுதான். ஆனா குடியிருக்கறது இவங்க. காலி பண்ணணும்னா கோர்ட்டுல உத்தரவு வாங்குங்க. கோர்ட்டு ஆளு, ஆமீன், வந்து காலி பண்ணுவாரு. நீங்களா பூட்டக் கூடாது."

"கோர்ட்டுக்குப் போனா என் பேரனுக்கு மீசை மொளைச்சிடும்மா" என்றார். அப்புறம்தான் விஷயம் வந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். காலி செய்யச் சொல்லிப் பத்து நாள் ஆயிற்று. இவர்களுக்கு வேறு அறை கிடைக்கவில்லை.

"அப்ப காலி பண்றோம்னு ஒரு பேப்பர்ல எழுதி, இதுங்ககிட்ட கையெழுத்து வாங்கிக் குடுங்க" என்றார் கோதண்டம். ஏகாம்பரம் அதற்குள் வெள்ளைத்தாளை எடுத்துவிட்டார்.

"எழுதி வாங்கறது நம்ம வேலை இல்ல ஏட்டய்யா. அவங்களே பேசிக்கட்டும்" என்றேன். கட்டப் பஞ்சாயத்து கூடாது என்று படித்தது தைரியமாக வந்ததா, பரீட்சை பயமா, இன்றைக்கும் தெரியாது.

ஏகாம்பரம் தாளை மடித்து வைத்துக்கொண்டார். பேச்சியம்மாள்தான் கேட்டாள். "அக்காவுக்கு எப்ப நாள் சொல்லியிருக்காவ?"

"அடுத்த மாசக் கடைசில."

"நாளைக்கு வேலை நிரந்தரமாச்சுன்னா கம்பெனி ஹாஸ்டல்லயே எடம் குடுத்துருவாவ மாமா. அக்கா வரதுக்குள்ள போயிருவோம்."

கோதண்டம் அவளையே பார்த்தார். பிறகு இடுப்பு மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். கதவு திறந்ததும் அவள் நேராகப் பெட்டியிடம் போய், ஒரு மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோதண்டத்தின் மனைவி மூன்று பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர், "எந்த செக்‌ஷன்ல போனே?" என்றார். "செக்‌ஷன் போடல சார். சண்டை வந்துடக் கூடாதுன்னு போனேன்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டைரில எழுது. அடுத்த தடவை எனக்கு ஒரு போன் போட்டுட்டுப் போ" என்றார். திட்டவில்லை. அடுத்த வாரம் பேச்சியம்மாள் கழுத்தில் புது அடையாள அட்டையோடு வந்து காட்டிவிட்டுப் போனாள். ஹாஸ்டலுக்குப் போன பிறகும் மூன்று பேருமாகப் போய்க் கோதண்டத்தின் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தார்களாம்.

எங்கள் ஸ்டேஷனும் ஒரு வாடகைக் கட்டடத்தில்தான் இருந்தது. நான் வேறு ஊருக்கு மாறிய பிறகு, கட்டடக்காரர் காலி செய்யச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பார்த்து, கடைசியில் கோர்ட்டுக்குப் போய் உத்தரவே வாங்கிவிட்டார். ஏகாம்பரம் போனில் சிரித்தார். "ஆமீன் நம்ம வாசல்லயே வந்து நின்னாரு மேடம். முறையாத்தான் வந்தாரு. நாற்காலி போட்டு, டீ வாங்கிக் குடுத்துட்டு, சாமானைக் கட்ட ஆரம்பிச்சோம்."

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அதன்மேல் அகலச் சாலை போகிறது. ஏகாம்பரம் ஆமீனுக்கு நாற்காலி போட்ட இடம் எது என்று, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கித் தேடுவேன். பின்னால் வரும் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்து என்னைக் காலி பண்ண வைத்துவிடும்.