படகுக்காரனுக்கு நீந்தத் தெரியாது

நான் முதலில் உருவாக்கியது ஓர் இளவரசியை. வாள் சுற்றுவாள், குதிரை ஏறுவாள், யாருக்கும் பயப்பட மாட்டாள், அழகோ அழகு. மருந்துக்குக்கூட ஒரு குறை கிடையாது. அதனால்தான் அவளோடு பேச ஓர் ஆள் வரவில்லை.

யுத்தம் முடிவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை இது. மாத்தளை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்கு கோல் எடுக்க வருவார்கள், போட்டோ கொப்பி அடிக்க வருவார்கள், மூலையில் கம்பியூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தன. மத்தியானத்தில் ரத்தோட்டை பஸ் போய்விட்டால் கடை காற்று வாங்கும். அந்த நேரத்தில் நான் ஒரு தமிழ் இணையதளத்துக்குள் நுழைந்துவிடுவேன். அங்கே ஓர் ஆற்றங்கரை ஊர் இருந்தது. ஊர் என்றால் எழுத்தில் மட்டும். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை உண்டாக்கி, அந்த ஆளாகவே பேசி, சண்டை பிடித்து, கதையைக் கொண்டுபோக வேண்டும். அதை நடத்தியவர் சென்னையில் இருந்தார். மலேசியாவிலிருந்து ஒரு டீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பையன், அப்புறம் நான். வந்து போகிறவர்கள் வேறு நாலைந்து பேர். யாருடைய நிஜப் பெயரும் யாருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்துப் பையனின் பாத்திரம் படகுக்காரன். ஆற்றைக் கடக்க அவனை விட்டால் வேறு கதியில்லை. ஏறுகிறவர்களின் சோற்றுப் பார்சலை மோந்து பார்த்துப் பங்கு கேட்பான். நடு ஆற்றில் துடுப்பை வைத்துவிட்டு நியாயம் பேசுவான். எல்லாவற்றுக்கும் மேலே, அவனுக்கு நீந்தத் தெரியாது. அது ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று தண்ணீரைப் பற்றி வாய் கிழியப் பேசுவான். எல்லோரும் அவன் படகில் ஏறத்தான் முட்டிமோதினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அப்போது பார்த்து அவன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான்.

"அக்கா, குறை நினையாதைங்கோ. உங்கட இளவரசிக்குப் பசிக்காதோ? வந்த நாளையில இருந்து ஒண்டுமே சாப்பிடேல்லை."

சுர்ரென்று ஏறியது எனக்கு. "நீங்க உங்க படகப் பாருங்க தம்பி" என்று தட்டிவிட்டேன். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யோசித்துப் பார்த்தால், பாவி சொன்னது சரி. இளவரசிக்குப் பசி இல்லை, தலைவலி இல்லை, யார்மேலும் பொறாமை இல்லை. அவள் ஆளே இல்லை, கலண்டர் படம். மறுநாளே அவளைத் தூர தேசத்தில் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஆற்றங்கரையில் ஒரு சத்திரக்காரியைக் கொண்டுவந்து வைத்தேன்.

சத்திரக்காரியை நான் கற்பனையில் தேடவில்லை. கடையில் குவைத்துக்கு மகளோடு பேச ஓர் அம்மா வருவார். போனில் "சாப்பிட்டியா, தூங்குனியா" என்பதோடு சரி. போனை வைத்தபிறகு, வீட்டுப் பிரச்சினை முழுவதையும் என்னிடம் கொட்டிவிட்டுப் போவார். அதை எடுத்துச் சத்திரக்காரிக்குக் கொடுத்தேன். சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தை, ஆள் படியிறங்கிப் போனபிறகுதான் அவள் சொல்லுவாள். கேட்பது சுவர் மட்டும்தான். ஓர் ஆளை மனதில் நிறுத்துவது அவனுடைய வீரம் இல்லை, அவனுடைய அற்பத்தனம். இதைப் படகுக்காரனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு என்ன, சத்திரக்காரிக்கும் படகுக்காரனுக்கும் தினம் சண்டை. பார்சலில் மீன் துண்டு குறைந்தது யாரால் என்பதில் தொடங்கி ஊர் சிரிக்கும்வரை போகும். கடை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுக் கிண்டல் பண்ணுவார். அவர் டவுன் முஸ்லிம், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன புள்ள, ஒனக்கு நீயே சிரிச்சிக்கிட்டு ஈக்கிற? அந்தப் படகுக்காரனத்தான் கலியாணம் முடிக்கப் போறியா?"

"அவனக் கட்டுனா நான் பட்டினிதான் கெடக்கணும் நானா."

இப்படி இருக்கையில் ஒரு நாள் படகுக்காரன் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இருக்காது, ஊரடங்கு போடுவார்கள், அதெல்லாம் பழக்கம்தான். நாலு நாள் கழித்து வந்து, "காத்து எதிரா அடிச்சது" என்று படகுக்காரனாகவே சாக்குச் சொல்லுவான். இந்த முறை கிழமைகள் ஓடின. எழுத்து ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் சத்தமில்லாமல் போனான் என்றால் மனது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. பேப்பரைக் கையில் எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பெயர் தெரியாது, முகம் தெரியாது, யாரிடம் போய் விசாரிப்பது? உயிரோடு இருக்கிறானா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

விளையாட்டில் ஒரு விதி இருந்தது. நெடுநாள் எழுதாதவரின் பாத்திரத்தை ஆறு கொண்டுபோய்விடும். சென்னைக்காரர் அறிவிப்புப் போட்டார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தான். இந்த வாரம் வெள்ளத்துல படகுக்காரன் போயிடுவார்."

நல்ல காரியத்தை விடுங்கள், கெட்டதை வாயால் சொன்னாலே பலித்துவிடும் என்று பயப்படுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். இவர் எழுதியே முடிக்கப் பார்க்கிறார். "ஒங்களுக்கு ரூல்ஸ் பெருசா ஆள் பெருசா? அவன ஆத்துல விட்டீங்கன்னா, சத்திரத்துக்குத் தீ வச்சிட்டு நானும் போயிருவேன்" என்று எழுதினேன். கோபத்தில் எழுதினாலும் ஒரு வழியும் சொன்னேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருத்திக்கு உடம்புக்கு முடியாவிட்டால், பக்கத்து நிரையில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். தராசில் நிறை காட்டும், அவளுக்கும் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், விழுந்துவிடும். கங்காணிக்குத் தெரியும், பார்க்காத மாதிரி நிற்பார். அதேபோல அவன் வரும்வரை படகுக்காரனுக்காக ஆளுக்குக் கொஞ்சம் எழுதுவோம் என்றேன். சென்னைக்காரர் கொழுந்தைக் கண்ணால் பார்த்திருப்பாரோ என்னவோ, ஒத்துக்கொண்டார்.

எல்லோரும் அள்ளி அள்ளிப் போட்டார்கள். அங்கேதான் வினை. படகுக்காரன் ஏழைகளை இலவசமாக ஏற்றினான். கிழவிகளின் மூட்டையைச் சுமந்தான். தன் சோற்றைப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்தான். மலேசியா டீச்சர் ஒருபடி மேலே போய், வெள்ளத்தில் அடித்துப்போன ஒரு பிள்ளையைக் காப்பாற்ற அவனை ஆற்றில் குதிக்க வைத்து, நீந்தவும் வைத்துவிட்டார். படித்துவிட்டு எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நல்லவன் யார்? இவனை எனக்குத் தெரியாதே. பாசம் அதிகமாகி, இருந்த ஆளையும் இல்லாமல் ஆக்கிவிட்டோம்.

நான் உட்கார்ந்து சத்திரக்காரியின் வாயால் எல்லாவற்றையும் உடைத்தேன். "குதிச்சானாம் குதிச்சான். நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அந்தப் புள்ளகிட்ட இருந்த பலாப்பழத்த எட்டி எடுக்கப் போயி, கால் வழுக்கி உள்ள விழுந்தான். புள்ளதான் இவன் தலமயிரப் புடிச்சுக் கரைக்கு இழுத்துக்கிட்டு வந்துச்சு. வந்தவன் தலயத் தொடச்சிக்கிட்டு, நான்தான் காப்பாத்துனேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான்."

டீச்சருக்கு வருத்தம். பாவம், இல்லாத நேரத்தில் அவனை இப்படிக் கேவலப்படுத்தலாமா என்று கேட்டார். "இல்லாத நேரம்னு யாருங்க சொன்னா, இருக்கான்" என்று எழுதினேன். அதன்பிறகு தினமும் அவனுக்கு ஒரு பொய், ஒரு களவு, ஒரு வாய்ச்சண்டை என்று நானே போட்டுக்கொண்டு வந்தேன். கோலுக்கு வந்தவர்களைக் காக்க வைத்துக்கூட எழுதினேன். நானா திட்டவில்லை. "எழுது புள்ள, எழுது" என்றுவிட்டுத் தானே போய் கோல் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு நாள் மத்தியானம், கண்டி தலதா மாளிகைக்குப் போகிற ஆட்கள் வாசலில் வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லி அனுப்பிவிட்டு வந்து கம்பியூட்டரைப் பார்த்தேன். படகுக்காரன் எழுதியிருந்தான். எங்கள் யாருடைய எழுத்தும் இல்லை, அவன் எழுத்து.

"ஆர் என்ர துடுப்பைத் தொட்டது? ஏய் சத்திரக்காரி, பலாப்பழக் கதையை நீயோ பரப்பிக்கொண்டு திரியிறாய்? நான் விழேல்லை. ஆத்தின்ர ஆழத்தைப் பாக்கத்தான் இறங்கினனான்."

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நானா ஓடி வந்தார்.

"என்ன புள்ள, மௌத்தா?"

"இல்ல நானா. இருக்கான். வந்ததும் வராததுமா என்னோட சண்டைக்கு நிக்கிறான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் முகம் பார்த்திராத ஒரு பையனுக்காக அன்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

பிறகு அவன் தனியாகச் சுருக்கமாக எழுதினான். தரைவழி மூடியிருந்ததால் அவசரமாகக் கப்பலில் திருகோணமலைக்கு வந்தானாம். வந்த இடத்தில் விசாரணை என்று பிடித்து வைத்திருந்தார்களாம். இப்போது விட்டுவிட்டார்கள், கொழும்பில் மாமா வீட்டில் இருக்கிறான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆள் வந்துவிட்டான், அது போதும் எனக்கு. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நாள் கணக்காக இல்லாத பசியோடு சாப்பிட்டேன்.

சில நாள் கழித்து, விளையாட்டில் இல்லாத ஒரு பெயரிலிருந்து எனக்குச் செய்தி வந்தது.

"தங்கச்சி, நான் அவன்ர அக்கா. கனடாவில இருக்கிறன். அவன் எங்கையெண்டு தெரியாத நாளெல்லாம் உங்கட ஆத்தங்கரையைத்தான் வாசிச்சுக்கொண்டு இருந்தனான். எழுதிறது அவனில்லையெண்டு எனக்குத் தெரியும். அவனை நல்லவனாக்கி எழுதினதுகளை என்னால வாசிக்க ஏலாமல் போச்சு. எங்கட ஊரில செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அடிக்கிறவை. அதிலதான் அப்பிடி எழுதுவினம். பிறகு நீங்கள் அவனை ஆத்துக்குள்ள விழுத்தி, விழேல்லையெண்டு பொய்யும் சொல்ல வச்சியள். அண்டைக்குத்தான் நான் அடுப்பைப் பத்தவச்சு, சோறாக்கித் திண்டனான்."